இருபதாம் நம்பர் பொஸ்தகம்

சண்முகராஜா மொதலாளி நாலு பொஸ்தகத்தையும் ஒரு சீனிச் சாக்குல போட்டு, வாயக் கட்டித்தான் தனுஜா கையில குடுத்தாரு. பதுளை டவுன்ல துணிக்கடை வச்சிருக்க குடும்பம் அவங்க. கடைய அண்ணன் பாக்குறாரு, இவரு மேல்மாடியில வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சி நடத்துறாரு.

"கவனம் மகள். கம்பெனிக்காரன் அனுப்பினது இந்த ஒரே செட்டுத்தான். நல்லாப் பாத்துட்டு இன்டவியூ அன்னைக்கு அப்பிடியே கொண்டாந்துரணும். போட்டோ கீட்டோ எடுத்துறாத, அவனுங்களுக்கு அது புடிக்காது."

"சரிங்க ஐயா."

வேலை என்னன்னா, வளைகுடாவுல பாலைவனத்துக்கு நடுவுல ஆமி வாகனம் திருத்துற யார்டு ஒண்ணு. அங்க பொஸ்தக ரூமுக்கு ஒரு ஆள் வேணும். மெக்கானிக் வந்து இந்த லொறிக்கு இன்ன கொழப்பம்னு சொன்னா, எந்தப் பொஸ்தகம், எந்தப் பக்கம், எந்த நம்பர் சாமான்னு தேடிக் குடுக்கணும். யார்டுக்குள்ள போன் கொண்டுபோக விடமாட்டாங்களாம். எல்லாம் கடுதாசிதான். தனுஜா ஏ.எல். பாஸ் பண்ணி, பதுளையில இங்கிலீஸ் கோர்சும் முடிச்சவ. ரெண்டு வருசமா மடுல்சீமைப் பக்கம் தோட்டத்துல புள்ளக்காம்பராவுல சின்னதுகளப் பாத்துக்கிட்டு இருந்தா. அம்மா இராக்கம்மா மாதிரி கொழுந்தெடுக்கவும் மாட்டேன், மத்த பொண்ணுங்க மாதிரி வெளிநாட்டுல வீட்டு வேலைக்கும் போகமாட்டேன்னு நின்னவ. இப்பிடி ஒரு வேலை இன்னொரு தடவ வராதுன்னு அவளுக்கும் தெரியும், மொதலாளிக்கும் தெரியும்.

"இன்னொண்ணு மகள்," மொதலாளி கதவப் பாத்துட்டுக் கொரலக் கொறச்சாரு. "ஆமி எடம்ங்கிறதால குடும்பத்தையும் விசாரிப்பாங்க. வீட்டுல யாராச்சும் ஆமி, பொலிஸுன்னு புடிபட்டு உள்ள இருந்திருந்தா எடுக்கவே மாட்டாங்க. உங்க வீட்டுல அப்பிடி ஒண்ணும் இல்லத்தான?"

"இல்லைங்க ஐயா." அவ யோசிக்கவே இல்ல. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிருச்சு.

ஆனா இருந்துச்சு. அவ அப்பா அழகர் கல்யாணத்துக்கு முந்தி கொழுந்து லொறியில கிளீனரா இருந்தாரு. அப்ப சண்டைக் காலம். ஒருநாள் லுணுகலை ரோட்டுல ஆமி லொறி ஒண்ணு பழுதாகி நின்னுச்சு. அந்த மாதிரி லொறிய அவரு அவ்வளவு கிட்டத்துல பாத்ததில்ல. எஞ்சின் ஒண்ணு, சில்லு இத்தன, எல்லாச் சில்லையும் அது எப்பிடித்தான் சுத்துதுன்னு பாத்துருவோமேன்னு ரோட்டோரமா நின்னு வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தாரு. அவரு செஞ்சது அம்புட்டுத்தான். குனிஞ்ச ஆள அப்பிடியே தூக்கிட்டுப் போயி பத்துப் பதினோரு மாசம் வச்சிருந்தாங்க. கேசும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒருநாள் போன்னு விட்டுட்டாங்க. வந்தவரு அதுக்கப்புறம் லொறிப் பக்கமே போகல, தோட்டத்துல தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போயிட்டாரு. உள்ள இருந்து கொண்டாந்தது சிங்களம் வாசிக்கப் பழகினது ஒண்ணுதான். லயத்து வரிசை வீடுகள்ல யாருக்குக் கடிதம் வந்தாலும், தமிழோ சிங்களமோ, அழகர்தான் வாசிச்சுக் காட்டணும், அழகர்தான் பதிலும் எழுதணும். சட்டப்பையில எப்பவும் பேனை ஒண்ணு குத்தியிருக்கும். எதுக்கும் பயப்படாத மனுசன், ஆமி வாகனம் எதிர்ல வந்தா மட்டும் மொகத்த மலப்பக்கம் திருப்பிக்குவாரு.

அதனால தனுஜா வீட்டுல ஆமின்னு வாயத் தொறக்கல. லொறி கம்பெனின்னு மட்டும் சொன்னா.

பயந்து மறைச்சான்னு சொல்லவும் முடியாது. அவளுக்கு இப்ப பயமும் சரியா வர்றதில்ல. நவம்பர் மழைக்குக் கீழ்லயத்துக் கடைசிக் காம்பராக்கள் மேல மலை சரிஞ்சு விழுந்துச்சுல்ல, அதுல விஜயலெட்சுமி போயிட்டா. தனுஜாகூட ஒண்ணாம் வகுப்புல இருந்து ஒரே பெஞ்சுல இருந்தவ. தோண்டி எடுக்கிற வரைக்கும் தனுஜா அங்கயேதான் நின்னா. அழுகை வரும் வரும்னு பாத்தா, வரல. பல்லுப் புடுங்க ஊசி போட்டா கன்னம் இருக்கும், ஆனா தொட்டா யார் கன்னமோ மாதிரி இருக்குமே, அப்பிடித்தான் அன்னைக்கில இருந்து அவளுக்கு எல்லாமே. சாப்பிடுவா, தூங்குவா, கேட்டதுக்குப் பதில் சொல்லுவா.

அந்த நெலமைக்கு அந்தப் பொஸ்தகம் தோதா இருந்துச்சு.

மொதல்ல ஒண்ணும் வெளங்கல. நாலும் ஒரே வண்டிக்குத்தான். அட்டையில நீட்டுக்கு ஒரு நம்பர். அது பத்துன்னு முடிஞ்சா டிரைவருக்கு. இருபதுன்னு முடிஞ்சா வண்டி நிக்கிற எடத்துலயே கை வைக்கிற மெக்கானிக்குக்கு. முப்பத்திநாலுன்னா பெரிய வேர்க்சொப்புக்கு. நாலாவது முழுக்கச் சாமான் படம், ஆணியக்கூடக் கழட்டி வரைஞ்சு நம்பர் போட்டு வச்சிருந்தான். அவ மொதப் பக்கத்துல இருந்து கத மாதிரி வாசிக்கப் பாத்தா. அரைவாசிப் பொழுது போச்சு, எச்சரிக்கைப் பக்கங்களத் தாண்டவே முடியல. அப்புறம் பக்கத்தத் தேடினா. பதினாலாம் பக்கம்னு பாத்தா ரெண்டு கோடு பதினாலுன்னு ஒரு பக்கம், மூணு கோடு பதினாலுன்னு இன்னொரு பக்கம். இருநூத்திப் பதினாலு எங்கயும் இல்ல. என்னடா இது, அச்சடிச்சவன் கிறுக்கனான்னு நெனச்சா.

அம்மா கொழுந்து மலையிலிருந்து வந்து, "இன்னைக்கு மேக்கணக்கு ஏழாம் நம்பர்ல எடுத்தோம், அட்டைக்கடி தாங்கல"ன்னு காலத் தேச்சுக்கிட்டு இருந்தப்பதான் அவளுக்குப் புடிபட்டுச்சு. கணக்குன்னா தோட்டத்தப் பிரிச்ச பிரிவு. மேக்கணக்குலயும் ஏழாம் நம்பர் மலை இருக்கு, கீழ்க்கணக்குலயும் ஏழாம் நம்பர் மலை இருக்கு. ஏழுன்னு மட்டும் சொன்னா யாரும் எங்கயும் போய்ச் சேர முடியாது. கணக்கச் சொல்லித்தான் மலையச் சொல்லணும். பொஸ்தகமும் அப்பிடித்தான். முன்னால இருக்கிறது கணக்கு, பின்னால இருக்கிறது மலை.

அதுக்கப்புறம் வழி தொறந்துச்சு. சாமான் பேர் தெரியாட்டியும் பரவால்ல, கொழப்பத்துல இருந்து தொடங்கணும். கொழப்பம் என்ன, அதுக்கு எதப் பாக்கணும், பாத்தா என்ன செய்யணும்னு ஒரு அட்டவணை இருக்கும். டிரைவர் பொஸ்தகம் ரெண்டு மூணு விசயம் சொல்லிட்டு, இதுக்கு மேல ஒனக்கு வேலையில்ல, மெக்கானிக்கிட்ட சொல்லுன்னு நின்னுரும். ஒடனே இருபத எடுக்கணும், அதே கொழப்பத்த அதுல புடிக்கணும். அது இன்னொரு கணக்குக்கு அனுப்பும். அங்க வேலைக்கு முந்தி என்ன சாமான் வேணும், எதுல கை வச்சா கை போகும்னு எல்லாம் இருக்கும். சில பக்கத்துல ஓரத்துல நெட்டுக்குத்தா ஒரு கறுப்புக் கோடு. அது பின்னால மாத்தின பக்கம். பழசு எங்கயாச்சும் கழட்டாமக் கெடந்தா அத நம்பக் கூடாது.

இருபதத்தான் அவ கூடப் பொரட்டினா. இந்தச் சத்தம் வந்தா இதப் பாரு, அது இல்லாட்டி அதப் பாருன்னு பொறுமையாச் சொல்லிக்கிட்டே போகும். நீ எப்பிடி இருக்க, நேத்து தூங்கினியான்னு ஒரு எடத்துலயும் கேக்காது.

அழகர் ஒருநாள் பேப்பர மடிச்சு வச்சுட்டு எட்டிப் பாத்தாரு.

"இது என்னா லொறி?"

"சாதா லொறிதாம்ப்பா."

"பச்ச பெயின்டா?"

"படம் கறுப்பு வெள்ளதானப்பா, எனக்கு எப்பிடித் தெரியும்?"

"கதவுல நட்சத்திரம் இருக்கே."

தனுஜா பக்கத்தத் திருப்பினா. அடுத்த பக்கத்துல லொறிக்கு மேல சுடுற துவக்கு வைக்கிற தாங்கி.

"இத காம்பராவுல வைக்காத புள்ள."

"வெள்ளிக்கெழம இன்டவியூ வரைக்குந்தாம்ப்பா."

"அவனுங்களுக்கு வந்து தூக்க வெள்ளிக்கெழம வரைக்கும் தேவையில்ல."

இராக்கம்மா ரொட்டி தட்டிக்கிட்டே, "இன்னும் அந்தக் காலத்துலயே இரு. மண்ணு சரிஞ்சப்ப வந்து தோண்டினதே அந்த ஆமிப் பொடியனுங்கதான். நம்ம பீலிக்குக் குழாய் போட்டது யாரு, ஒன் மச்சானா?"ன்னா.

"எனக்கு மச்சான் யாரு? ஒன் அண்ணன்தான். அவன் ஒரு குழாயும் போடமாட்டான்."

"அதத்தான் சொல்றேன்."

அவரு சிரிக்கல. எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

புதன்கெழம காலையில ஆமி வந்துச்சு. எந்த லயம் வெடிச்சிருக்கு, எந்தக் காம்பராவுல ஆள் இருக்கலாம், இருக்கக் கூடாதுன்னு பாக்க கிராம சேவகரோட ஏழெட்டுப் பேர். மேல ரோட்டுல லொறி நின்னுச்சு. தனுஜா அப்ப பீலிக்குத் தண்ணிக்குப் போயிருந்தா. குடத்த எடுத்துக்கிட்டு வரும்போதே அவங்க காம்பராக் கூரையில பொகை கனமா வர்றதப் பாத்தா. இந்நேரம் அடுப்பு எரிய வேலையில்ல.

உள்ள போனா, அழகர் அடுப்புக்கு முன்னால குந்தியிருந்தாரு. மடியில பொஸ்தகம். தடிச்ச பொஸ்தகம் முழுசா வச்சா தீப் புடிக்காது, அதனால கொத்துக் கொத்தா கிழிச்சு உள்ள தள்ளிக்கிட்டு இருந்தாரு. கை நிதானமாத்தான் இருந்துச்சு, கவ்வாத்து வெட்டுற மாதிரி. அட்ட மொதல்லயே போயிருச்சு. மத்த மூணும் பக்கத்துல அடுக்கியிருந்துச்சு. எரியிறது இருபதுன்னு அவளுக்கு மிச்சப் பக்கத்தப் பாத்தே தெரிஞ்சிருச்சு.

அவ கொடத்த எறக்கி வச்சா. மூணு பொஸ்தகத்தையும் எடுத்துச் சாக்குல போட்டு அரிசிப் பெட்டிக்குள்ள வச்சு மூடினா. சத்தம் போடணும்னு தெரிஞ்சுச்சு. யாரோ ஒருத்தி இந்த எடத்துல சத்தம் போடுவா. இவளுக்கு வரல.

"இன்னும் கொஞ்சந்தான்," அழகர் அடுப்பப் பாத்தே சொன்னாரு. "முடிஞ்சிரும்."

அப்பதான் வாசல்ல நெழல் விழுந்துச்சு. ஒரு ஆமிப் பொடியன், தனுஜாவ விட ஒரு வயசு கூட இருக்கும். சிங்களத்துல தண்ணி கேட்டான். தனுஜா செம்புல மோந்து குடுத்தா. அவன் குடிச்சிட்டு, செவுத்துல இருந்த வெடிப்ப வெரல வச்சு அளந்து பாத்தான். இந்தக் காம்பரா பரவாயில்ல, மழ பேஞ்சா மட்டும் ஸ்கூலுக்குப் போயிருங்கன்னான். பொகைக்குக் கண்ணக் கசக்கிக்கிட்டு, ஈர வெறகான்னு கேட்டுட்டு அடுத்த காம்பராவுக்குப் போயிட்டான்.

அழகர் கையில கடைசிக் கொத்து இருந்துச்சு. அவன் போனப்புறமும் அத அடுப்புல போட்டாரு.

மத்தியானம் இராக்கம்மா வந்து எல்லாத்தையும் கேட்டா. சாம்பலக் கிண்டிப் பாத்தா. "ஆமிக்காரன் தண்ணி குடிச்சிட்டுப் போனான். நீ என்னத்தக் குடிச்ச? ஒரு புள்ள தலையெடுக்கப் பாத்தா அதையும் அடுப்புல வச்சுட்டு குந்தியிருக்க."

"விடும்மா," தனுஜா சொன்னா.

"நீ என்னடி விடு விடுன்னுக்கிட்டு. அழுதாவது தொலையேன்."

அழகர் வாசல் இஸ்தோப்புல ஒக்காந்து வெளிய பாத்துக்கிட்டு இருந்தாரு. ராத்திரிச் சோறு வரைக்கும் அங்கயேதான் இருந்தாரு. அப்புறம், "அந்த மொதலாளிக்கிட்ட நான் சொல்றேன்"ன்னாரு.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா."

வேற பொஸ்தகம் கேக்க முடியாது. கேட்டா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு சொன்னா லுணுகலை ரோட்டுல இருந்து தொடங்கணும். அவ மிச்ச மூணையும் வச்சு, நடுவுல ஒரு படி இல்லாத ஏணியில ஏறுற மாதிரி, ஞாபகத்துல இருந்த இருபத எட்டி எட்டி மிதிச்சுப் பழகிக்கிட்டா. எந்தக் கொழப்பம் எந்தக் கணக்குல இருக்கும்னு தெரியும். என்ன எழுதியிருக்குன்னு மனப்பாடம் பண்ணல. பொஸ்தகம் இருக்கும்னு நெனச்சவ எதுக்கு மனப்பாடம் பண்ணப் போறா?

வெள்ளிக்கெழம அழகரும் கூட வந்தாரு. பொம்பளப் புள்ளைய அனுப்புறதுக்கு அப்பாவோ அம்மாவோ சம்மதக் கடிதத்துல கையெழுத்து வைக்கணும்னு மொதலாளி சொல்லியிருந்தாரு. ரோடு உடைஞ்ச எடத்துல பஸ்ஸ விட்டு எறங்கி, சேத்துல நடந்து, அந்தப் பக்கம் நின்ன பஸ்ல ஏறிப் பசறை வழியா பதுளைக்குப் போய்ச் சேந்தாங்க. சாக்க அழகர்தான் தோள்ல தூக்கிட்டு வந்தாரு. தூக்கும்போதே எடை கொறஞ்சது அவருக்குத் தெரிஞ்சிருக்கும்.

மேல்மாடியில மொதலாளியும், டைப் அடிக்கிற றுஸைனான்னு ஒரு பொண்ணும் இருந்தாங்க. றுஸைனா கம்பியூட்டர் திரைய சரி பண்ணிக்கிட்டு இருந்தா. மொதலாளி அழகர நாக்காலியில இருக்கச் சொல்லி, தேத்தண்ணி வரவழச்சுக் குடுத்தாரு.

"ஐயா, ஒரு விசயம் ஒங்கக்கிட்டயும் கேட்டு வச்சுக்கிறேன். ஆமி, பொலிஸுன்னு யாரும் உள்ள கிள்ள இருந்ததில்லத்தான? இருந்தா இப்பவே சொல்லிருங்க. போன வருசம் ஒரு பொடியன் மறைச்சுட்டான், அங்க போயி எறங்கினப்புறம் திருப்பி அனுப்பிட்டாங்க. எனக்கும் கெட்ட பேரு."

தனுஜா அப்பாவப் பாக்கல. செவுத்துல இருந்த கலண்டரப் பாத்தா.

அழகர் தேத்தண்ணிய ஒரு வாய் குடிச்சாரு. இப்பதான் அவருக்கு வெளங்கியிருக்கும், மக ஏன் லொறி கம்பெனின்னு மட்டும் சொன்னான்னு.

"இல்லைங்க," ன்னாரு. "நாங்க தோட்டத்தத் தாண்டி எங்கங்க போனோம்."

திரையில ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தரு பஸீல், அந்த யார்டுல போர்மன், வெலிமடைக்காரரு, தாடி நரைச்சவரு. பக்கத்துல அந்த நாட்டு ஆமி அதிகாரி ஒருத்தரு, பட்டாளச் சட்டையில. அவரு பேசல, பேனைய உருட்டிக்கிட்டு இருந்தாரு. பஸீல்தான் தமிழ்ல கேட்டு, அவருக்கு இங்கிலீஸ்ல சொல்லிக்கிட்டு இருந்தாரு.

"தங்கச்சி, வேர்க்காத. நான் கடிக்கமாட்டேன்."

"சரிங்க சேர்."

"டிரைவர் வாறான். வண்டியில பஸர் அடிச்சுக்கிட்டே இருக்கு, நிக்குதில்லங்குறான். நீ எதத் தொறப்ப?"

தனுஜா பத்தாம் நம்பர எடுத்தா. கொழப்ப அட்டவணை, காத்து அழுத்தம், ரெண்டு விசயம் பாக்கணும், ஓட்டக் கூடாது, சரியாகாட்டி மெக்கானிக். பக்கத்தத் தூக்கிக் கேமராவுக்குக் காட்டினா. பஸீல் தலையாட்டினாரு.

"வைப்பர் கை ஒடைஞ்சு போச்சு. நம்பர் தா."

சாமான் பொஸ்தகத்துல படத்தப் புடிச்சு, படத்துல இருந்து வரிசைக்குப் போனா. அதே பக்கம் ரெண்டு இருந்துச்சு, ரெண்டுலயும் வேற வேற நம்பர். ஓரத்துல கறுப்புக் கோடு இருந்ததப் பாத்து வாசிச்சா. "மத்தது பழசு சேர். கழட்டாம விட்டிருக்காங்க."

"கழட்டாம விட்டது நான்தான்," ன்னு பஸீல் சிரிச்சாரு. அதிகாரிக்கும் சொன்னாரு, அவரும் பேனைய உருட்டுறத நிப்பாட்டினாரு. "இதுவர ஏழு பேரு பழைய நம்பரக் குடுத்துட்டாங்க. சரி, இது கடைசி. பின் பக்கத்துச் சில்லுல பிரேக் புடிச்சா காத்துக் கசியிது. மெக்கானிக் அந்த ஆணிய எவ்வளவு எறுக்கணும்னு கேக்குறான்."

"அது இருபதுல இருக்கு சேர். ரெண்டாவது கணக்குல காத்து பிரேக்கு அட்டவணை. அங்கயிருந்து பிரேக்குக்குன்னு இருக்க கணக்குக்கு அனுப்பும். எறுக்குற அளவு வேலையோட கடைசியில இருக்கும்."

கணக்குன்னு சொன்னது பஸீலுக்கு வெளங்குச்சோ என்னமோ, தலையாட்டினாரு. "சரி. தொறந்து அளவச் சொல்லு."

"பக்கம் பாக்காம அளவு சொல்ல ஏலாது சேர்."

"பாக்காமச் சொல்லச் சொல்லல. பாத்துச் சொல்லு."

"இருபது இங்க இல்ல சேர்."

மொதலாளி எந்திரிச்சு சாக்க எட்டிப் பாத்தாரு. "நாலு குடுத்தேனே மகள்? எண்ணித்தான் குடுத்தேன்."

அதிகாரி என்னன்னு கேட்டாரு. பஸீல் சொன்னாரு. அதிகாரி மொகம் மாறிருச்சு. பொஸ்தகம் எங்க, யாரு கையில இருக்குன்னு இங்கிலீஸ்ல கேட்டது தனுஜாவுக்கு நேராவே வெளங்குச்சு. பதில் அவ வாய்க்குள்ள ஒண்ணுக்கு ரெண்டா இருந்துச்சு. மழையில நனைஞ்சு போச்சுன்னு சொல்லலாம், பஸ்ல விட்டுட்டேன்னு சொல்லலாம். நனைஞ்சா மிச்சத்தக் கொண்டா, விட்டா யாரு எடுத்தான்னு கேப்பாங்க.

"நாந்தாங்க எரிச்சேன்."

அழகர் நாக்காலியில இருந்து எந்திரிச்சு, திரைக்கு முன்னால வந்து கையக் கட்டி நின்னாரு. அவரு அப்பிடிக் கையக் கட்டி நின்னு தனுஜா பாத்ததே இல்ல. தோட்டத்துத் துரைக்கு முன்னாலகூட அவரு கையக் கட்டினவர் இல்ல.

"எரிச்சீங்களா? ஏன் ஐயா?"

"மழைக்கு வெறகெல்லாம் நனைஞ்சு போச்சுங்க. அடுப்புப் பத்தல. புள்ள தண்ணிக்குப் போயிருச்சு. பழைய பேப்பருன்னு நெனச்சு வச்சுட்டேங்க."

"அட்டையில இத்தாம் பெரிசா எழுதியிருக்குமே ஐயா."

"நமக்கு எழுத்துத் தெரியாதுங்க."

"இங்கிலீஸ் தெரியாதா?"

"எந்த எழுத்தும் தெரியாதுங்க. தோட்டக் காட்டு ஆளுங்க."

பஸீல் அவரப் பாத்தாரு. வெலிமடைக்காரருக்கு, ஆமி ஆளத் தூக்கிட்டுப் போன அந்தக் காலம் தெரியாம இருக்காது. அழகரோட சட்டப்பையில பேனை குத்தியிருக்கிறது கேமராவுல நல்லாவே தெரிஞ்சிருக்கும். அவரு கண்ணு அந்தப் பேனையில நின்னுச்சு. அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பி இங்கிலீஸ்ல சொன்னாரு, அப்பனுக்கு வாசிக்கத் தெரியாதாம், ரொட்டி சுட எரிச்சுட்டானாம்னு.

அதிகாரி சிரிச்சாரு. தொடையில தட்டித் தட்டிச் சிரிச்சாரு. மொதலாளிக்கும் நிம்மதி வந்து சிரிப்பு வந்துச்சு. "பாருங்களேன், எம்புட்டுப் பெரிய பொஸ்தகம், ரொட்டி நல்லா வெந்துச்சா ஐயா?"

"வெந்துச்சுங்க."

றுஸைனாவும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சா. தனுஜா மொகத்தையும் அந்த அதிகாரி பாத்தாரு, சிரிக்கிறாளான்னு. அவ ஒதட்ட விரிச்சா. அது சிரிப்பு மாதிரி இருந்திருக்கும்.

"தங்கச்சி, எடுத்தாச்சு," ன்னாரு பஸீல். "பக்கம் பாக்காம நம்பர் சொல்லமாட்டேன்னியே, அது போதும். வந்து சேரு. ஐயா, மகளப் பத்திக் கவலப்படாதீங்க." கடைசி வார்த்தைய அவரு சிரிக்காமச் சொன்னாரு.

திரை அணைஞ்சுது. மொதலாளி சம்மதக் கடிதத்த மேச மேல வச்சாரு. அழகர் குனிஞ்சு அத ஒருதரம் பாத்தாரு. கண்ணு மேலயிருந்து கீழ வரைக்கும் வரி வரியாப் போறது தனுஜாவுக்குத் தெரிஞ்சுச்சு. கை தன்னால சட்டப்பைப் பக்கம் போச்சு. பேனை மூடிய வெரல் தொட்டுச்சு. அங்கயே நின்னு, அப்புறம் நெஞ்சச் சொறியிற மாதிரி ரெண்டு இழுப்பு இழுத்துட்டுக் கீழ வந்துருச்சு.

"றுஸைனா, அந்த மை டப்பாவக் கொண்டா," ன்னாரு மொதலாளி. "ஐயா, எடது கைப் பெருவெரல் குடுங்க. நான் புடிக்கிறேன், நீங்க லேசா வுடுங்க."

மொதலாளி அவரு வெரலப் புடிச்சு மையில உருட்டி, கடுதாசியில வச்சு அழுத்தினாரு. சரியா விழல, இன்னொரு தரம் வச்சாரு. அழகர் சின்னப் புள்ள மாதிரி கைய வுட்டுக் குடுத்துக்கிட்டு நின்னாரு. லயத்துல இருக்க எல்லாக் குடும்பத்துக்கும் கடிதம் எழுதின கை. தனுஜா பாத்துக்கிட்டே இருந்தா. இப்பயாச்சும் ஏதாச்சும் வரும்னு நெனச்சா. கன்னம் அப்பிடியேதான் இருந்துச்சு, யார் கன்னமோ மாதிரி.

கீழ எறங்கி பஸ் ஸ்டேண்டுக்கு வந்தாங்க. அழகர் ஒரு கடையில நின்னு பேப்பர் ஒண்ணு வாங்கினாரு, பழக்கத்துல. மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிட்டாரு. வெரல் மைய வேட்டியில தொடச்சா கறை படும்னு கைய ஒதுக்கியே வச்சிருந்தாரு.

"அப்பா," ன்னா தனுஜா.

"வேல கெடச்சிருச்சுல்ல. அம்மாவுக்கு போன் எடுத்துச் சொல்லு. அவ மலையில இருப்பா, கங்காணி போனுக்கு எடு."

"அப்பா, நீங்க எதுக்கு..."

"போன் எடு புள்ள."

அவ போன எடுத்தா, லைன் கெடைக்கல. பின்னால செருப்புச் சத்தம். றுஸைனா, பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, மத்தியானத்தோட வேல முடிஞ்சு வந்திருந்தா.

"ஆ, தனுஜா, நானும் பசறைக்குத்தான். சேந்தே போவோம்." அழகரப் பாத்துச் சிரிச்சா, மரியாதையாத்தான். "ஐயா, ரொட்டி கதைய எங்க உம்மாக்கிட்ட சொன்னா நம்பமாட்டாங்க."

அழகரும் சிரிச்சாரு. கக்கத்துல இருந்த பேப்பர எடுத்து, சாமான் சுத்துற கடுதாசி மாதிரி ரெண்டா மடிச்சு, காலியான சீனிச் சாக்குக்குள்ள போட்டாரு.

வரிசையா நாலஞ்சு பஸ் நின்னுச்சு. ஒவ்வொண்ணுக்கும் மொகத்துல ஊர்ப் பேர் போர்டு மாட்டியிருந்துச்சு, சிங்களத்துலயும் தமிழ்லயும். நாப்பது வருசமா அவரு போய்வர்ற பஸ். கண்டக்டர்மாரே அவரக் கூப்பிட்டுத்தான் சில நேரம் கடிதம் வாசிக்கக் குடுப்பாங்க.

றுஸைனா பக்கத்துல நின்னா. அழகர் போர்டப் பாத்தாரு. அப்புறம் தலையத் தாழ்த்திக்கிட்டாரு.

"புள்ள," ன்னாரு. "நம்ம பஸ் எதுன்னு வாசிச்சுச் சொல்லு."

தனுஜா ஒவ்வொரு போர்டா வாசிச்சுக்கிட்டே போனா. "இது மொனராகலை. இது பண்டாரவளை. இது பசறை, மடுல்சீமை. இதுதாம்ப்பா நம்ம பஸ்."

"இதா?"

"ஆமாப்பா. இதுதான்."

"சரி, ஏறு," ன்னாரு. றுஸைனாவ முன்னால விட்டு, தனுஜாவையும் ஏத்திவிட்டு, கடைசியா அவரு ஏறினாரு.